ஷெமி சொன்ன இஞ்சி மஞ்சள் சாறு

நேமம், திருவனந்தபுரம்
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்புள்ள ஷெமிக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தர் உன்னையும் நீ இருக்கிற இடத்தையும் காப்பாராக. ‘அன்புள்ள’ என்று போடுவது கடிதத்துக்கு உள்ள முறை. முறை தவறக் கூடாது என்று போட்டிருக்கிறேன். அதை வைத்து அப்பா இறங்கி வந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

உன் நம்பரை ஜிபினிடம் கேட்டேன். சொந்தத் தம்பி மகன், தர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். “பெரியப்பா, நீங்க பேசினா ரெண்டாவது வார்த்தையில சண்டை ஆவும். எழுதித் தாங்க, போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புறேன்” என்றான். தம்பானூரில் மொபைல் கடை போட்ட நாள் முதல் அவனுக்கு வாய் நீண்டுவிட்டது. ஆனால் சொன்னது பொய்யில்லை. சண்டை ஆகத்தான் செய்யும்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்கு இருதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. நீ இங்கிலாந்து போன பிறகு நடந்தது, உனக்குத் தெரியாது. அவள்தான் உனக்குச் சொல்லக் கூடாது என்று ஜிபினிடம் சத்தியம் வாங்கினாள். அந்நிய தேசத்தில் தனியாக இருக்கிற பிள்ளை பதறிப்போகும் என்றாள். பதறினால் பதறட்டுமே என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. இப்போது இரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரையின் வேகம் கூடினால் எங்கேயாவது இரத்தம் ஒழுகும், குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து அடைக்கும். அதனால் மாதா மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்து அளவு சொல்வார்கள். இவ்வளவு காலமும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இனி உன் வீடியோவைப் பற்றி. நீ மலையாளத்தில் பேசிச் சமையல் போடுவது எனக்குப் போன கிறிஸ்துமஸுக்குத்தான் தெரியும். முகம் வராது, கை மட்டும்தான் வரும் என்றார்கள். அம்மா அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “பாத்தியளா, எனக்க பிள்ளைக்க கை மெலிஞ்சு போச்சு” என்று போனை என் பக்கம் நீட்டுவாள். நான் பார்க்க மாட்டேன். பார்க்க மாட்டேன் என்றுதான் சொல்வேன்.

நீ செய்து காட்டியதெல்லாம் இந்த வீட்டுக்கு வந்தாயிற்று. ஓட்ஸ் தோசை வந்தது, பீட்ரூட்டில் என்னவோ ஒன்று வந்தது, வாயில் வைக்க முடியவில்லை. கடைசியில் இந்த இஞ்சி மஞ்சள் சாறு வந்தது. சாலைக் கடைத்தெருவில் இஞ்சியும் பச்சை மஞ்சளும் வாங்கி வருவது நான். எதற்கென்று கேட்டால் உடம்புக்கு என்பாள். தோலைச் சுரண்டி, மிக்ஸியில் அடித்து, துணியில் வடிகட்டிப் பிழிந்து, நல்லமிளகு பொடித்துப் போட்டு, எலுமிச்சையும் தேனும் கலந்து பாட்டிலில் ஊற்றி வைப்பாள். நீ சின்னக் கிளாஸில் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னாயாம். நம் வீட்டில் ஏது சின்னக் கிளாஸ்? காலையில் ஒரு டம்ளர் நிறையக் குடிப்பாள். பாட்டிலைக் கழுவும்போது அடியில் தங்குவதை வீணாக்க மனம் வராமல் அதையும் கலக்கிக் குடித்துவிடுவாள்.

ஓணம் கழிந்த பிறகு பல் தேய்த்தால் இரத்தம் வந்தது. கை எங்கே இடித்தாலும் நீலம் கட்டியது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த தடவை பார்த்தால் இரத்தம் இன்னும் நீர்த்துப்போயிருந்தது. மறுபடியும் குறைத்தார். அவருக்கும் பிடிபடவில்லை. வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லவே இல்லை என்றாள் உன் அம்மா. அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது மருந்தே இல்லை. இஞ்சியும் மஞ்சளும் மீன்குழம்புக்கு அரைக்கிற சாமான். பெற்ற பிள்ளை சொல்லிக்கொடுத்ததை மருந்து என்று ஆஸ்பத்திரியில் போய் யாராவது சொல்வார்களா?

பிறகு ஒரு நாள் அவள் உள்ளங்கை மஞ்சளாக இருப்பதைக் கண்டு காமாலையோ என்று டாக்டர் பயந்துவிட்டார். அப்போதுதான் சிரித்துக்கொண்டே அது மஞ்சள் சுரண்டின கை என்று சொல்லி எல்லாவற்றையும் விவரித்தாள். உன் பெயரையும் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. கறியில் போடுவது போடட்டும், இப்படிப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிப்பது இந்த மாத்திரையோடு சேராது, இன்றே நிறுத்த வேண்டும், தலைக்குள் இரத்தம் கசிந்தால் ஆளையே கொண்டுபோய்விடும் என்றார்.

நிறுத்தினாளா? வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜைத்தான் திறந்தாள். “எனக்க பிள்ளை அறியாம சொல்லுவாளா” என்கிறாள். நான் பாட்டிலைப் பிடுங்கிக் கவிழ்த்தேன். மறுநாள் புதிதாகப் பிழிந்துவிட்டாள். நான் மஞ்சள் வாங்கித் தராவிட்டால் பக்கத்து வீட்டு எலிசாள் வாங்கித் தருகிறாள். என் பேச்சு செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

ஆகையால் நீ ஒன்று செய். என்னோடு பேச வேண்டாம். ஒரு வீடியோ போடு. இரத்தம் நீர்க்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்தச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று அதில் உன் வாயால் சொல். ஊருக்கெல்லாம் சொல்வது போலச் சொல். நீ சொன்னால் கேட்பாள். வேறு யார் சொன்னாலும் கேட்க மாட்டாள்.

நடந்து முடிந்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சபையில் இரண்டு ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து, மூன்றாவது ஓலைக்கு முன்னால் பெண் விமானம் ஏறிவிட்டாள் என்றால் பெற்றவன் முகத்தை எங்கே கொண்டு வைப்பான் என்று நீயே யோசித்துப் பார். இனி இந்தப் படி ஏறாதே என்றேன். சொன்னது சொன்னதுதான்.

இங்கே மழை விட்டபாடில்லை. எலிசாளின் மருமகளுக்கு ஆண்குழந்தை. உனக்கு நன்மை உண்டாகட்டும்.

உன் அப்பா,
ஞானையன்


கிழக்கேகோட்டை, கடையில் இருந்து
வியாழன்

அன்புள்ள ஷெமிக்கு,

அப்பா எழுதுவது. தேவன் உனக்கு நல்ல சுகம் தரட்டும். கடையில் ஆள் குறைவு, பாத்திரம் வாங்க மழையில் யார் வருவார்கள்? அதனால் இங்கே இருந்து எழுதுகிறேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு ஜிபினிடம் ஆபரேஷனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டாயாம். அழுதாய் என்றும் சொன்னான். எனக்குப் பதில் எழுதாததைக் குறையாக நினைக்கவில்லை. ஆனால் நான் ஒன்று சொல்ல நீ வேறொன்று செய்துவிட்டாய். வீடியோவில் சொல் என்றேன். நீ அந்த வீடியோவையே அழித்துவிட்டாய். பயத்தில் செய்திருப்பாய். பிள்ளை கையில் கத்தியைக் கண்டால் பிடுங்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரிய வேண்டும்.

அந்த வீடியோவுக்குக் கீழே அம்மா ஏதோ எழுதியிருந்தாளாம். தினமும் குடிக்கேன் மக்ளே, நல்ல சுகம் உண்டு என்று. நீ அதற்கு ஒரு சிவப்பு இதயம் போட்டிருந்தாயாம். அவள்தான் எழுதியது என்று தெரிந்து போட்டாயோ, ஆயிரம் பேருக்குப் போடுவது போலப் போட்டாயோ, நான் அறியேன். நீ போன பிறகு உன்னிடமிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து எலிசாளிடம் எடுத்து எடுத்துக் காட்டுவாளாம். வீடியோ போனபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்து பஸ் ஏறி ஜிபின் கடைக்குப் போயிருக்கிறாள். உன் மற்ற வீடியோ எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை. அவளிடம் ஒரு சத்தியம், நான் எழுதுவதைச் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் ஒரு சத்தியம் செய்த பயல், போனில் கோளாறு இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறான். வீட்டுக்கு வந்து விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். “நான் பாக்கது அவளுக்குப் பிடிக்கல்ல போல” என்றாள். நான் எழுதித்தான் அவள் அழித்தாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் நான் உனக்கு எழுதினேன் என்பதும் வெளியே வரும். குடையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன்.

இப்போது காலையும் மாலையும் பிழிகிறாள். இனிப் பார்த்துச் செய்ய முடியாதாம், கை மறந்துவிடக் கூடாதாம். ஃப்ரிட்ஜில் வைப்பதில்லை. ஊறுகாய் போட்டு வைக்கிற பரணிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறாள். போன ஞாயிறு சபையில் பாட்டு பாடிக்கொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து இரத்தம் வந்து சேலை நனைந்தது. போதகர் பாட்டை நிறுத்தி ஜெபம் செய்தார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றார். இவள் முடியாது என்று கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள். என்ன சொல்லி அவளை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

வீடியோ வேண்டாம். அவளைக் கூப்பிட்டுப் பேசு. நான் காலையில் கடை திறக்கப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவேன், அதற்குள் பேசு. குடிக்காதே அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் அவளே எடுத்துக் கொட்டிவிடுவாள். தாமதம் செய்யாதே.

உன் அப்பா,
ஞானையன்


ஆஸ்பத்திரி வராந்தா
செவ்வாய்

ஷெமி மக்ளே,

கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஜிபின் பக்கத்தில் காத்து நிற்கிறான்.

நீ கூப்பிட்டிருக்கிறாய். அம்மாவின் போனில் பார்த்தேன், வெளிநாட்டு நம்பரிலிருந்து மூன்று தடவை வந்து கிடக்கிறது. அவள் எடுக்கவில்லை. தெரியாத நாட்டு நம்பர் வந்தால் எடுக்காதே பெரியம்மா, ஏமாற்றுக்காரர்கள் என்று இந்த ஜிபின்தான் சொல்லிக்கொடுத்திருந்தானாம். அவன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருக்கிறான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

நேற்று அடுக்களையில் விழுந்துவிட்டாள். எலிசாள்தான் கண்டு கடைக்குப் போன் செய்தாள். தலைக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. வலது கையும் வாயின் ஒரு பக்கமும் அசையவில்லை. மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்தி வைத்தால் வால்வு அடைத்துக்கொள்ளும், கொடுத்தால் கசிவு கூடும். எதைச் செய்வது என்று டாக்டர்களே ஒன்றுகூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை என்றுதான் என்னிடம் சொன்னார்கள்.

உள்ளே போனபோது அவள் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் ஷெமிக்கு எழுதினேன், நான் எழுதித்தான் அவள் வீடியோவை அழித்தாள், உன்னை வெறுத்து அழிக்கவில்லை, உன்னைக் கூப்பிட்டாள், மூன்று தடவை கூப்பிட்டாள் என்று சொன்னேன். கேட்டாளா என்று தெரியவில்லை. கண்ணிலிருந்து நீர் வடிந்தது. இப்படிக் கிடப்பவர்களுக்கு அது தானாகவும் வடியும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் கேட்டிருப்பாள்.

நீ சொன்ன சாற்றால்தான் இது வந்தது என்று உட்கார்ந்து அழாதே. அம்மாவுக்கு இப்படி ஒரு மாத்திரை உண்டு என்று உனக்கு யாரும் சொல்லவில்லை. அவள் குடித்தது இஞ்சிக்காகவும் மஞ்சளுக்காகவும் இல்லை என்பது இந்த வீட்டில் எனக்குத் தெரியும்.

“நான் வந்தால் அப்பா என்ன சொல்வார்” என்று ஜிபினிடம் கேட்டாயாம். கிடைக்கிற விமானத்தில் புறப்படு. எந்த நேரமானாலும் ஜிபின் வந்து உன்னை அழைத்து வருவான். கர்த்தர் உன் வழியெல்லாம் கூட வரட்டும், அதுவரை அவளையும் தாங்கட்டும்.

இங்கே ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்கள். நீ வா மக்ளே. நீ உள்ளே போய் அம்மாவோடு இரு, நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

அப்பா