பந்தலடியில் நான் தோண்டிய குழி

என் ராஜி,

“பாகற்காயே கசப்பு. அதுலயே முட்டை வைக்கிற ஈ, உன் வேப்பங்கொட்டைத் தண்ணிக்கா பயப்படப்போவுது?” என்று ஒருநாள் உன்னைக் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? நீ பாகற்பந்தலடியில் பழைய வேட்டியில் கரைசலை வடிகட்டிக்கொண்டிருந்தாய். நிமிராமலே சொன்னாய்: “பயப்படுதோ இல்லையோ, பக்கத்து வீட்டுல தூவுற அந்த வெள்ளைப் பூச்சிமருந்துப் பொடியை நாம திங்க வேணாங்க வாத்தியாரே. புடிங்க அந்த முனையை.”

பிடித்தேன். நம்பித்தான் பிடித்தேனா?

மழைக்காலத்தில் ஆபீஸ் விட்டு வரும்போது, இந்த டெல்லி ஆர்.கே.புரம் சாலையோரம் உதிர்ந்த வேப்பம்பழங்களை டிபன் பையில் பொறுக்கி வருவாய். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இடித்து ஊறவைப்பாய். மறுநாள் சாயங்காலம் வடிகட்டி, துளி சோப்பு கலந்து கைப்பம்பில் அடிப்பாய். அப்படியும் பிஞ்சுகளில் ஊசி குத்தின மாதிரி புள்ளி விழும். சில நாளில் மஞ்சளித்து, உள்ளே புழு நெளியும். அவற்றைப் பறித்துப் பந்தலடியில் ஒரு சாண் குழியில் போட்டு மண் தள்ளுவது என் வேலை. உரமாகட்டுமே என்று.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் கேட்டாய்: “இந்த வாட்டியாவது ஒரு காய் நல்லா வந்துச்சாங்க?”

முப்பது வருஷம் பிள்ளைகளிடம் உண்மை பேசச் சொன்ன வாய். “இல்ல ராஜி” என்றேன்.

“அப்ப நான் கரைச்சதுதான் சரியில்ல போல.” சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நீ போன பத்தாம் நாள், கை சும்மா இருக்க மாட்டாமல் அந்தக் குழியைக் கிளறினேன். சின்னக் கோதுமை மணிகள் மாதிரி, மண்ணெல்லாம் கூட்டுப்புழு. முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்று கரும்பலகையில் வருஷாவருஷம் நான்கு படம் வரைந்தவன் நான். மூன்றாவது படத்துக்கு ‘மண்ணுக்குள்’ என்று அம்புக்குறி வேறு போடுவேன். நீ வாசலில் காவல் நின்றாய். நான் கொல்லைக் கதவைத் திறந்துவைத்து ஈ வளர்த்திருக்கிறேன். உன் கரைசலில் குறையே இல்லை, ராஜி. அந்தக் கட்டிலருகே சொல்ல, இந்தப் புத்தி கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

குவார்ட்டர்ஸ் உன் பெயரில்தானே இருந்தது? இந்த மாதக் கடைசியில் சாவியைக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒருமுறை பாகல் போட்டுப் பார்த்துவிட்டேன். நீ உலர்த்திய கொட்டை அரை டப்பா மிச்சமிருந்தது, அதையேதான் கரைத்தேன். வேட்டியின் மறுமுனையை ஜன்னல் கம்பியில் கட்டிக்கொண்டேன். குத்துப்பட்ட காய் ஒன்றையும் மண்ணில் விடவில்லை.

நேற்று ஒரு காயை நறுக்கினேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புழு இல்லை. வெள்ளைப் பொடி தூவும் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் எட்டிப் பார்த்து, “அரே மாஸ்டர்ஜி, கௌன் சி தவா?” என்று மருந்தின் பெயர் கேட்டாள். “என் வீட்டுக்காரியுது” என்று தமிழில்தான் வந்தது.

அடுத்து வரும் குடும்பத்துக்கு அந்தக் குழியைக் காட்டி, என் தப்பைச் சொல்லிவிட்டுத்தான் போவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கும் ஒன்று: புள்ளி விழுந்த காயைச் செடியடியில் போடாமல், இறுக மூடும் டப்பாவில் அடைத்து ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

வேட்டியின் அந்த முனையை இன்னும் விடாத
உன் வீட்டுக்காரன்