முத்துராமன் மாமாவை முட்டி போட வைத்த விவகாரம்

ரோவல் ரோடு, சிங்கப்பூர்
பொங்கல் முடிந்த வாரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகள் ரக்ஷனாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்கப் போவதில்லை, கேட்டால் நலம் என்பாய், அந்தச் சொல்லை வாங்கி ஏமாறுவதற்கு இந்த வாரம் எனக்கு மனமில்லை, காரணம் பின்னால் வரும். போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து நின்று நான் சொல்வதை எனக்கே விளக்குகிறார், குறுஞ்செய்தி அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறாய். ஆகவே தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். முழுவதும் படி. படித்து முடிக்கும்வரை உன் கம்பெனி கேட்ட அந்த மன்னிப்புக் கடிதத்தை அனுப்பாதே.

முதலில் ஊர்ச் செய்தி. கேம்பல் லேனில் பொங்கலுக்குக் கொண்டுவந்து கட்டியிருந்த மாடுகள் பண்ணைக்குத் திரும்பிவிட்டன, அவற்றோடு படம் எடுத்துக்கொள்ள நின்ற கூட்டமும் கலைந்துவிட்டது. முத்துராமன் மாமாவும் தெம்பனிஸிலிருந்து ரயிலேறி வந்திருந்தார். மாட்டைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு ஓர் அடி இப்பாலேயே நின்று படம் எடுத்துக்கொண்டார். மாடு சாதுதான், கயிறும் தொய்ந்துதான் கிடந்தது, ஆனாலும் 'ரூல்னா ரூல்தான் சிஸ்டர்' என்றார். ரயில் நிலையத்து மஞ்சள் கோட்டுக்கு அப்பால் செருப்பு நுனியைக்கூட வைக்காத மனிதர், இடைவெளியைக் கவனியுங்கள் என்று சொல்லும் ஒலிபெருக்கிக்குத் தலையாட்டிப் பதில் சொல்பவர். இந்த ஊரில் பதிவு செய்து வைத்த ஒரு பெண் குரல் எதைச் சொன்னாலும் அவர் கேட்பார். உயிரோடு எதிரே நின்று நீ சொன்னதுதான் அவருக்குக் கேட்கவில்லை.

அவர் நீ இருக்கும் நியூசிலாந்துக்குச் சுற்றுலா போகிறார் என்று தெரிந்ததும் உன் அப்பா செய்த காரியத்தை நீ முழுதாக அறியமாட்டாய். சோழமண்டலக் கரையின் பெயரை வைத்திருந்த ஒரு கப்பல் அந்தக் காலத்தில் போய் நின்றதால்தான் உன் கரைக்குக் கோரமண்டல் என்று பெயர் வந்தது என நூலகத்தில் படித்து, சும்மா இருக்க மாட்டாமல் அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை இப்படிப் புரிந்துகொண்டார்: 'முத்து, அது நம்ம கோரமண்டல்தான்பா. நம்ம பொண்ணுதான் அங்க குகைக்கெல்லாம் கூட்டிட்டுப் போறா. நீ எம்பேரைச் சொல்லு, போதும்.' ஜூரோங் கப்பல் பட்டறை அலுவலகத்தில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்துச் சேர்ந்தே ஓய்வு பெற்றவர்கள் அல்லவா, கடலுக்கும் அலைக்கும் மருதப்பன் என்ற பெயர் தெரிந்திருக்கும் என்று இருவருமே நம்பிவிட்டார்கள்.

போய் வந்தவர் என்ன சொன்னார் என்பதை நான் கோயில் அன்னதானத்தில்தான் கேட்டேன். இப்போது அவர் அன்னதானக் குழுத் தலைவர், சாம்பார் வாளி எந்த வரிசைக்கு முதலில் போகும் என்பது அவர் கையில் இருக்கிறது, ஆகவே கேட்பதற்கு ஆள் குறைவில்லை. 'தூக்கி வளர்த்த பொண்ணு லா. முன்னப்பின்ன தெரியாத வெள்ளைக்காரங்க முன்னாடி என்னைப் பார்த்து விசில் அடிக்குது. முட்டி போடுங்கன்னு கத்துது. இந்த வயசுல என்னை முட்டி போட வச்சிட்டு, குகைக்குள்ளயும் விடாம திருப்பிக் கூட்டிட்டு வந்துடுச்சு' என்றார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியை அப்படியே நிறுத்தி, 'இப்பல்லாம் ஸ்கூல்லயே பிள்ளைங்களை முட்டி போட வைக்கிறதில்லையே அண்ணே' என்று வருந்தினார். என் இலையில் மோர் விழும் நேரத்துக்குள் நீ அவரைக் கரையில் எல்லாருக்கும் எதிரே மண்டியிடச் செய்து மன்னிப்புக் கேட்க வைத்ததாகச் செய்தி வளர்ந்துவிட்டது. தூக்கி வளர்த்தார் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். உன் முதல் பிறந்தநாளில் படத்துக்காக ஒரு முறை தூக்கினார், நீ அலறினாய், இறக்கிவிட்டார். வளர்ப்பு அத்துடன் முடிந்தது.

அதோடு நிற்காமல் உன் கம்பெனிக்குப் புகாரும் எழுதிவிட்டார். அவர்களும், விருந்தினரின் உணர்வுகளைத் தாங்கள் பெரிதும் மதிப்பதாகப் பதில் எழுதி, நீ மன்னிப்புக் கடிதம் கொடுக்கும்வரை குழுவை உன் பொறுப்பில் தனியாக அழைத்துப் போக விடமாட்டோம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உணர்வுகளை மதித்தவர்கள், அந்த விருந்தினரின் மண்டையோடு எப்படித் தப்பியது என்று ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். போன ஞாயிறு நீ இதைச் சொன்னபோது உன் அப்பா, 'சாரின்னு ஒரு வார்த்தை எழுதிடும்மா, பெரியவர், முடிஞ்சு போச்சு' என்றார். நீயும் 'சரிப்பா, உங்க ஃப்ரெண்டுதானே, எழுதிடறேன்' என்றாய். முத்துராமன் சொன்ன கதை ஒன்றுதான் அப்போது என்னிடம் இருந்தது, அந்தக் கதையில் உன் பக்கம் பேச எனக்கு ஒரு பிடியும் இல்லை.

புதன்கிழமை முத்துராமனின் மனைவி இளமதி வந்தாள். தேக்கா சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு அப்படியே வந்தேன் என்றாள், கையில் கீரை இல்லை, போன் மட்டும் இருந்தது. 'அக்கா, இதை அழிக்கச் சொன்னார். அவர் முட்டி போட்டது இதுல தெரியுதாம். நான் அழிக்கல' என்றாள். உன் உதவியாள் துடுப்புப் போட்டுச் செலுத்திய பெரிய மிதவைப் பலகையின் முன்னால் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய நீர் புகாத உறைக்குள் போனை வைத்துக்கொண்டு அவள் எடுத்த வீடியோ அது. முதலில் கரை வருகிறது. நீ எல்லாரையும் நிற்க வைத்து, குகை வாசல் தாழ்வு, அங்கே யாரும் பலகைமேல் நிற்கக் கூடாது, நான் விசில் அடித்தால் உடனே முட்டி போடுங்கள், தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். முத்துராமன் அதே நேரத்தில் பக்கத்திலிருந்த ஒரு ஜெர்மன் தம்பதியிடம் உன் காதுகுத்து விழாவுக்குத் தான் வந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் பாவம், இரண்டையும் கேட்க முயன்றார்கள்.

அப்புறம் குகை வாசல். எல்லாரும் முட்டி போட்டு வரிசையாக வருகிறார்கள், இவர் ஒருவர் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டி எழுந்து நிற்கிறார். படத்துக்காகத் தலைக்கவசத்தைக் கழற்றி முழங்கையில் மாட்டியிருக்கிறார், புறப்படுவதற்கு முந்தின வாரம் தலைக்குச் சாயம் போட்டது வீணாகக் கூடாதல்லவா. நீ விசில் அடிக்கிறாய். 'இரும்மா, ஒன்னே ஒன்னு' என்று கையைக் காட்டுகிறார். மறுபடி அடிக்கிறாய், தமிழில் கத்துகிறாய், அவர் தன் முகத்தைப் போனில் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் பின்னால் அலை என்று ஒன்றும் உடையவில்லை, கடல் மூச்சை இழுப்பதைப் போல நீர் மொத்தமாக மேலே எழுந்தது. நீ பக்கவாட்டில் வந்து குப்புறப் படுத்து அவர் பலகையின் முனைக் கயிற்றைப் பிடித்து இழுத்தாய், அவர் தடுமாறி முட்டியில் விழுந்தார், நீர் பலகையைத் தூக்கிய தூக்கில், மேலே நீட்டிக்கொண்டிருந்த பாறை சற்று முன்பு அவர் சிரித்துக்கொண்டிருந்த இடத்தின் வழியாகப் போயிற்று. பாறைப் பக்கம் இருந்தவள் நீ. உன் தோள் இடித்த சத்தம் வீடியோவில் கேட்கிறது ரக்ஷனா. அந்தக் கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டு, மற்றக் கையால் அவரை வெளியே திருப்பி, 'ஒன்னுமில்ல மாமா, மெதுவா மூச்சு விடுங்க' என்கிறாய். பிறகு எல்லாரையும் கரைக்குத் திருப்பிவிட்டாய். இந்த இடத்தில் எங்கே மரியாதை குறைந்தது என்று நானும் இளமதியும் திரும்பத் திரும்பப் பார்த்தோம், எங்களுக்கு அகப்படவில்லை.

உன் அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து டிவியில் பெரிதாகப் போட்டுக் காட்டினேன். முதல் தடவை அவர் நண்பரைப் பார்த்தார். 'டேய் உட்காருடா, உட்காருடா' என்று டிவியைப் பார்த்துக் கத்தினார். இரண்டாம் தடவை உன்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, 'அவ கையைப் பாரு' என்று மட்டும் சொன்னார். பிறகு போனை எடுத்துத் தெம்பனிஸுக்குப் பேசினார். நான் அருகில் இருந்ததால் இரு பக்கமும் கேட்டது. 'முத்து, எந்த இடத்துல அதைச் சொன்னியோ அதே இடத்துல நடந்ததைச் சொல்லு. இல்லைன்னா நான் டிவியைத் தூக்கிக்கிட்டு அன்னதானத்துக்கு வர்றேன்' என்றார். 'வீடியோவா? எவன் எடுத்தான்?' என்று அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. 'உன் வீட்டம்மாதான். இங்கதான் உக்காந்து காப்பி குடிச்சிக்கிட்டிருக்கு, குடுக்கவா?' என்றார் அப்பா. முத்துராமனுக்கு அப்போது யாரோ வாசலில் கூப்பிட்டார்களாம், வைத்துவிட்டார்.

திருந்திவிட்டார் என்று நினைத்துவிடாதே. இன்று மதியம் அன்னதானத்தில், 'கறாரான பொண்ணுதான், ஆனா வேலைன்னா அப்படித்தான் இருக்கணும் லா, சின்ன வயசுல நாங்க அப்படித்தானே பழக்கினோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாறையைப் பற்றி ஒரு சொல் இல்லை, புகாரைத் திரும்பப் பெறுவது பற்றி, 'பார்க்கலாம், அதுக்கு ஒரு ப்ரொசீஜர் இருக்குல்ல' என்றார். நான் நேராகப் போய், அவள் தோள் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா அண்ணே என்றேன். 'எந்தத் தோளு?' என்றார். அவர் நடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தன் முட்டி பலகையில் பட்டதைக் கடல் கடந்து ஊரெல்லாம் சொன்ன மனிதருக்கு, உன் தோள் பாறையில் பட்டது தெரியவே இல்லை.

ஆனால் என் கோபம் முழுவதும் அவருக்கே என்று எண்ணாதே, உன் பங்கையும் வாங்கிக்கொள். இந்த மூன்று வாரமாக வீடியோ அழைப்பில் ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பேசினாயே, அந்தப் பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றாயே, நானும் அதை நம்பி ஜன்னலைப் பாராட்டினேனே. எக்ஸ்ரே எடுத்தாயா? எடுத்திருந்தால் படத்தை அனுப்பு, எடுக்கவில்லை என்றால் நாளைக்கே போ. சரியாகிவிட்டது என்று எழுதாதே, மருத்துவர் எழுதட்டும்.

இனி அந்த மன்னிப்புக் கடிதம். எழுதாதே. உன் வேலையை நான் விரும்பியவள் அல்ல, இன்றும் விரும்பவில்லை, கேட்பவர்களிடம் மகள் சுற்றுலாத் துறையில் இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுகிறவள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், இதனால் அந்த வேலை போனாலும் பரவாயில்லை, எழுதாதே. நீ மரியாதைக்காக எழுதுவாய், அவர்கள் கோப்பில் அது தவறு என்றுதான் ஏறும். அதைக்கூட விடு. அடுத்த முறை குகை வாசலில் ஒரு பெரியவர் எழுந்து நின்றால், விசிலை வாயில் வைத்துவிட்டு, இவர் யாருடைய நண்பரோ, யாருடைய மாமாவோ என்று அரை மூச்சு யோசிப்பாய். அந்த வீடியோவில் நான் பார்த்த நீர் அரை மூச்சுகூடத் தராது. முத்துராமன் இன்று மரியாதை போய்விட்டது என்று நின்று பேசுகிறார், கோபப்படுகிறார், இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நீ மரியாதை பார்த்திருந்தால் இளமதி அந்த ஊரிலிருந்து எப்படித் திரும்பி வந்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அதை அவளே நினைத்துப் பார்த்திருக்கிறாள். புதன்கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து உன் கம்பெனிக்கு எழுதினாள், ஆங்கிலத்தில் நான் ஒரு வரியைக்கூடத் திருத்தவில்லை, தேவைப்படவில்லை. நான் புகார் எழுதியவரின் மனைவி, அவர் வீடு திரும்பி உட்கார்ந்து உங்களுக்குப் புகார் எழுத முடிந்ததற்கு உங்கள் வழிகாட்டிதான் காரணம், அடிபட்டது அந்தப் பெண்ணுக்கு, யாராவது கேட்டீர்களா என்று எழுதி, வீடியோவையும் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுக் கீரை வாங்கப் போனாள், வீட்டில் கீரை வாங்கத்தான் போகிறேன் என்று சொல்லியிருந்தாளாம். உன் கம்பெனி என்ன பதில் சொல்லும் என்று எனக்குத் தெரியாது. கேட்டால், நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, வருந்துகிறேன் என்ற சொல் அதில் எங்கும் வர வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு, கனமாக எதையும் தூக்காதே. நோய்நொடி இல்லாமல், மனக்கலக்கம் இல்லாமல், உன்னை நம்பிப் பலகையில் ஏறுகிற ஒவ்வொருவரோடும் ஒவ்வொரு நாளும் கரை சேர்ந்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசி. மார்ச் மாதம் நாங்கள் வருகிறோம், அப்பா அந்தக் குகையைப் பார்த்தே தீருவேன் என்கிறார். அங்கே போனதும் அவர் யார் பேச்சையும் கேட்கமாட்டார், நானும் பயத்தில் எழுந்து நின்றாலும் நிற்பேன். பெற்றவர்கள் என்று தயங்காதே. எங்களையும் முட்டி போடச் சொல். கத்திச் சொல்.

உன் அம்மா,
கண்மணி மருதப்பன்