பித்தளைக் குழாயில் வந்த கேள்வி

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு இருமல் நின்றதா? நீ மாத்திரையை விடாமல் போடுகிறாயா?

பெரிய கப்பல்களைக் கட்டி இழுத்த பழைய படகு ஒன்றை இங்கே கண்காட்சிக்காகச் சரிசெய்கிறோம். இன்ஜின் அறை வேலை என் தலையில். பகலிலும் விளக்குப் போட்டால்தான் கை தெரியும். பேச ஆள் கிடையாது. மேலே சுக்கான் பிடிப்பவரோடு பேச அங்கே ஒரு பித்தளைக் குழாய் உண்டு. அதை அடைத்திருந்த குளவிக்கூட்டை நேற்று ஒருவழியாகக் குத்தி எடுத்தேன். நான் கீழிருந்து பேச வேண்டும், ஃபோர்மேன் காதில் விழுந்ததை அப்படியே மேலிருந்து திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் சோதனை. அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. வாயில் வந்ததைக் கேட்டு வைத்தேன்.

"சாப்டியா?"

"சாப்தியா?" என்றது குழாய்.

சிரிப்புதான் வந்தது. ஆனால் இங்கே வந்த இத்தனை மாதத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். "இன்னும் இல்லப்பா" என்றேன். அதையும் சுத்தமாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, குழாய் சரியாகிவிட்டதென்று மூடியைப் போட்டுவிட்டார்.

லீவில் ஊருக்கு வந்து இந்தக் கடிதத்தைத் தரும் வெல்டரிடம் இரண்டு லுங்கியும் தலைவலித் தைலமும் கொடுத்தனுப்பு. அவரை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரன் கீழே ஹாரன் அடிக்கிறான். உன்னைக் குத்திக் காட்டவில்லை. போனில் கரண்ட் பில்லையும் ஸ்கூல் பஸ்ஸையும் கடைசியில் சொல். முதலில் அந்தக் குழாய் கேட்டதைக் கேள்.

பாப்பாவின் அப்பா