டாங்கி எங்கே என்று சொல்ல மாட்டேன்

மார்ச் 8, ஞாயிறு

காலையில் மூட்டம். எதிர்மலையைக் காணோம். பத்து மணிக்கு மேல் மலை திரும்பி வந்தது. கூடவே சிவா மாமாவின் வண்டியும். நாளைக்குத்தான் வரவேண்டியது.

மாமா அம்மாவின் தம்பி. சவூதியிலிருந்து வந்து வாங்கிய பழைய கேம்பர் அது. உள்ளே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, குழாய், குழாய்க்கு எங்கேயோ ஒரு தண்ணீர் டாங்கி. சுற்றுலா ஆட்களை ஏற்றி அவரே ஓட்டுவார். நிறுத்துவது தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீடுகளின் வாசலில். நான் வைத்த பெயர் நத்தை. முதுகில் வீடு, வேகமும் அதேதான். தெமோதரை ஏற்றத்தில் நாய் முந்திக்கொண்டு போகும்.

இந்தத் தடவை ஏற்றிப் போனது ஒரு கொழும்புக் குடும்பம். எல்ல என்ற ஊர்ப் பக்கம். குழாயைத் திறந்தால் நாற்றமாம். அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றி, அந்த வீட்டு அம்மா ஒரு வாய் குடித்து, வாந்தி. பாதிப் பயணத்தில் இறங்கி ரயிலேறிவிட்டார்கள்.

மாமா நேராகப் பீலிக்கரைக்கு வந்தார், ஊற்றுத் தண்ணீர் விழும் இடத்துக்கு; நான் அங்கேதான் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை பீலி என்றால் லயம் முழுக்க வாளியோடு நிற்கும். அத்தனை பேருக்கும் முன்னால்:

"அடியே தர்ஷி! தண்ணிக்குள்ள என்னத்தடி போட்ட?"

"எந்தத் தண்ணிக்குள்ள?"

"நடிக்காத! ஒன்னைய விட்டா இந்தத் தோட்டத்துல வேற யாரு செய்வா?"

சவுக்காரத் துண்டை டொபி மிட்டாய்த் தாளில் சுற்றி மாமாவுக்குக் கொடுத்தது நான்தான். கங்காணி குடைக்குள் பொரி நிரப்பியது நான்தான். அதெல்லாம் நானே ஒப்புக்கொண்ட கேஸ். இது என் கேஸ் இல்லை. சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டுக் கமலாக்கா வாளியை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார்.

இனி ராவில் வண்டிக்குள்ளேயே படுக்கப் போகிறாராம் மாமா. காவலாம். என்னிடமிருந்து.

மார்ச் 9, திங்கள்

வெயில். ஓ/எல் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா. சும்மா இருப்பவள்மேல்தான் சுமத்துவார்கள்.

அம்மா நேற்றிலிருந்து பேச்சில்லை. தட்டை வைத்தார், சோறு போட்டார், அவ்வளவுதான். நானே கேட்டேன்.

"நீங்களும் நம்புறீங்களாம்மா?"

"வேற வீட்டுப் புள்ளையச் சொல்லியிருந்தா நம்பமாட்டேன். ஒன்னையத் தெரியும்ல."

மாமா கத்தியது வலிக்கவில்லை. இது வலித்தது.

இன்று கேட்டவை: "விஷக்காரி." "பள்ளிக்கூடம் போயும் இந்தப் புத்திதான்." "தோப்பன் கொழும்புல இருந்தா இப்பிடித்தான்." (அப்பாவுக்கும் டாங்கிக்கும் என்ன சம்பந்தம்?)

சத்தியம் செய்து பிரயோசனமில்லை. என் சத்தியத்துக்கு லயத்தில் விலை கிடையாது, நானே கெடுத்து வைத்த மார்க்கெட். டாங்கியைத் திறந்துவிட்டால் உள்ளே இருப்பது வெளியே வரும். வரட்டும். பார்க்கட்டும்.

மார்ச் 10, செவ்வாய்

மாமா பஸ்ஸில் பண்டாரவளைக்கு. அம்மா கொழுந்தெடுக்க மலைக்கு. வண்டிச் சாவி அரிசி டின்னுக்குள். "அவ கையில படக்கூடாதுக்கா" என்று மாமா கொடுத்து, அம்மா ஒளித்தது. ஒளிக்கும் இடமெல்லாம் எனக்கு அத்துப்படி.

முதல் வேலை, டாங்கி எங்கே என்று பார்ப்பது. எங்கள் ஊரில் தண்ணீர் மேலேயிருந்துதான் வரும். ஊற்று மலையில், டாங்கி மேட்டில், லயம் கீழே. ஆகவே கூரையில் ஏறினேன். இருந்தவை: காற்று வரும் மூடி ஒன்று, காக்கை எச்சம், யாரோ அடித்துத் தொலைத்த பந்து. டாங்கி இல்லை.

கீழேயிருந்து பக்கத்து லயத்துச் செல்வம் அண்ணன். "பொம்பளப்புள்ளைக்கு அங்க என்ன வேல?"

"காயப் போட்டிருக்கேன்."

"என்னத்த?"

"என்னையத்தான்."

இறங்கினேன். வண்டிக்கு அடியில் தவழ்ந்தேன். கறுப்புப் பெட்டி ஒன்று, மூடியோடு. கிடைத்துவிட்டது என்று திருகினேன். தலையில் கொட்டியது. சோறு, தேயிலைச் சக்கை, எண்ணெய்ப் பிசுக்கு. பாத்திரம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் டாங்கி அது. குடிக்கிற தண்ணீருக்கு வேறு டாங்கி. இந்த வித்தியாசத்தை நான் படித்தது தலையால்.

அந்த நேரம் பார்த்து அம்மா, பகல் சாப்பாட்டுக்கு.

"வண்டியத் தொட்டியா?"

"தொட்டேன். இன்னும் தொடுவேன்."

"சாவியக் குடுடி."

"தரமாட்டேன். நான் போட்டேன்னா, போட்டது உள்ள கெடக்கணும்ல? வந்து பாருங்க. இருந்துச்சுன்னா நாளைக்கே மொட்டை."

அம்மா என் தலையைப் பார்த்தார். சோற்றோடு. என்ன நினைத்தாரோ, வந்தார்.

இப்போது மூளையோடு தேடினேன். வெளியே பக்கவாட்டில் தண்ணீர் ஊற்றும் வாய், சின்ன மூடி. அந்த இடத்துக்கு நேர் உள்ளே என்ன? படுக்கை. மெத்தையைத் தூக்கினேன். பலகையைத் தூக்கினேன். வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி. அம்மா விரலால் தட்டினார். "நெறஞ்சிருக்கு."

அடியில் அதற்கு நேராகச் சின்னத் திருகு குழாய், சேறு பூசி மறைந்து. இறுகிப்போயிருந்தது. தேங்காயெண்ணெய், குறடு, கொஞ்சம் கெட்ட வார்த்தை. (அம்மாவுக்குக் கேட்கவில்லை. கேட்டது.) திறந்தது. கொஞ்சம் கொட்டி, கொளக் கொளக் என்று நின்றது. மண்ணெண்ணெய்க் கேனில் ஒற்றை ஓட்டை போட்டாலும் இப்படித்தான், காற்று வேண்டும். உள்ளே போய்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன், வெளி மூடியையும் கழற்றினேன். ஒரே பாய்ச்சல்.

நாற்றம்! செத்த எலி குளித்துவிட்டுப் போன மாதிரி. மாமா வாங்கிய நாளிலிருந்து இதைக் காலியாக்கியதே இல்லை. மேலே மேலே ஊற்றியிருக்கிறார், அவ்வளவுதான். பின்னால் வந்தது வெள்ளை வெள்ளையாக, கட்டி கட்டியாக, கொஞ்சம் மஞ்சள் ஓடி. கடைசியில் துளசி இலை.

திரிந்த பால்.

சிரிக்க வாயைத் திறந்தேன். அம்மாவைப் பார்த்து மூடினேன்.

அம்மா வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்த அன்றைக்குப் பூசை வைத்தோம். வாகனப் பூசையா, வீட்டுப் பூசையா என்று சண்டை வந்து, இரண்டும் நடந்தது. டயருக்கடியில் தேசிக்காயும் நசுங்கியது, வண்டி அடுப்பில் பாலும் பொங்கியது.

"மிச்சப் பாலக் கால் படுற எடத்துல ஊத்த மனசு வரல" என்றார் அம்மா. "புதுசாக் கெணறு வெட்டுனா பால் ஊத்துறதுதானே. இதுவும் தண்ணி இருக்கிற எடம்தானே. தண்ணி கொறையக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு ஊத்துனேன்."

என்னிடம் அந்த நிமிஷம் குறைந்தது பத்துப் பகிடி இருந்தது. பத்தையும் விழுங்கினேன்.

மன்னித்துக்கொள் என்று அம்மா சொல்லவில்லை. பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, என் முடியிலிருந்த சோற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். மலைக்குப் போகப் பிந்திவிட்டது. ஏச்சு வாங்கியிருப்பார்.

மார்ச் 11, புதன்

பின்னேரம் தூறல்.

அம்மா மாமாவிடம் சொல்லிவிட்டார். எங்கள் அடுப்படியில், மெதுவாக. மாமா சிரித்தார். "சரி விடுக்கா, யாருக்கிட்டயும் சொல்லாத." என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மாலை பீலியில் கமலாக்கா: "வாளிய மூடி வைங்கடி, மருந்து வைக்கிறவ வாரா." எல்லோரும் சிரிப்பு. மாமா பக்கத்தில்தான் கால் கழுவிக்கொண்டு நின்றார். கேட்டது. கழுவி முடித்துப் போனார்.

ஏச்சு பீலியில், ஊர் கேட்க. உண்மை மட்டும் அடுப்படியில், கதவைச் சாத்திக்கொண்டு. இது என்ன கணக்கு?

ஆனால் டாங்கி இன்னும் நாறுகிறது. பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து இன்னொரு தடவை வடிக்க வேண்டும். சனிக்கிழமை அடுத்த ஆட்கள் வருகிறார்கள். டாங்கி எங்கே என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். மாமாவுக்கு இடத்தைச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அம்மா குனிந்தபடியே வெங்காயம் உரித்தார்.

மார்ச் 12, வியாழன்

நல்ல வெயில். மாமா கூரையில்.

நான் வாசலில் உட்கார்ந்து பார்த்தேன். "காக்கா எச்சம் கவனம், மாமா."

பிறகு அடியில் போனார். கறுப்பு மூடியைத் திருகினார். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாமாவின் மனைவி, அத்தை, முறுக்கோடு வந்தார். "எங்கன்னு சொல்லிரு கண்ணு." முறுக்கைச் சாப்பிட்டேன். நல்ல முறுக்கு. சொல்லவில்லை.

கடைசியில் மாமாவே, தலையைத் துடைத்துக்கொண்டு. "எங்கடி இருக்கு?"

"பீலியில வச்சு ஏசுனீங்க. பீலியில வச்சே சொல்லுங்க, நான் செய்யலன்னு."

"சொன்னா யாரு செஞ்சான்னு கேப்பாங்க. ஒங்கம்மா மானம் போகும்."

"அப்ப எம் மானம்?"

"நீ சின்னப் புள்ளடி."

"சின்னப் புள்ளைக்குச் சின்ன மானமா?"

போய்விட்டார். அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

அம்மா பெயரை நான் சொல்லமாட்டேன். செத்தாலும். ஆனால் செய்யாததைச் சுமக்கவும் மாட்டேன். சுமக்கத்தான் லயத்தில் ஏற்கனவே கொழுந்துக் கூடை இருக்கிறதே.

மார்ச் 13, வெள்ளி

மூட்டம், பிறகு வெயில், பிறகு மூட்டம். வானத்துக்கும் முடிவெடுக்கத் தெரியவில்லை.

நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள், டாங்கி இன்னும் நாற்றம். மாலை பீலி. நீள வரிசை. மாமா வந்தார், வாளியில்லாமல். என் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"இவ செய்யல."

"சத்தமா மாமா. கடைசியில நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

முறைத்தார். பிறகு கத்தினார். "தண்ணியில இவ ஒன்னும் போடல! நான்தான் தெரியாம ஏசிட்டேன்! போதுமா?"

"அப்ப யாரு போட்டா?" கமலாக்கா, வேறு யார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வரிசையிலிருந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார்.

"நான்தான் போட்டேன். பால். சாமியக் கும்பிட்டு ஊத்துனேன். அதுக்கென்ன இப்ப? புது டாங்கிக்குப் பால் ஊத்தாம பெட்ரோலா ஊத்துவாங்க?" அம்மா வரிசையை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். "எம் மகளப் பேசுனவங்க அத்தன பேரும் இங்கதான் நிக்கிறீங்க. நல்லாப் பாத்து வச்சிருக்கேன்."

முதலில் சிரித்தது செல்வம் அண்ணன். பிறகு பீலியே. கமலாக்கா தன் வாளியை நகர்த்தி அம்மாவுக்கு இடம் விட்டார். அம்மா சிரிக்கவில்லை. நிரப்பினார், தூக்கினார், கூட்டத்தின் நடுவே நடந்தார்.

மாமா என் காதருகில்: "இப்பவாவது சொல்லித் தொலை. எங்க?"

"படுக்கைக்கு அடியில. இத்தன நாளா அதுமேல படுத்துத்தான் எனக்குக் காவல் இருந்தீங்க."