முதலில் கை

நவ. 10, திங்கள்

விடாத தூறல். மேற்கு மாம்பலம் முழுக்கச் சேறு. யூனிஃபார்ம் காயவில்லை.

சனிக்கிழமை வெளிநாட்டு நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் பயிற்சிக் கேள்விகள். அக்கா போனைப் பார்த்து வாசிப்பாள், நான் பதில் சொல்ல வேண்டும். தி.நகர் புடவைக் கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து இது வேறு, பாவம்.

இன்றைய கேள்வி: பிரசவம் ஆன பெண். அடிவயிறு தொளதொளவென்று இருக்கிறது, ரத்தப்போக்கு கூடுகிறது. நர்ஸ் முதலில் என்ன செய்வார்?

"டாக்டரக் கூப்புடுவேன்."

தப்பு. கர்ப்பப்பையைக் கையால் தேய்த்து இறுகவைக்க வேண்டும். முதலில் கை. தேய்த்துக்கொண்டே ஆளைக் கூப்பிட வேண்டும்.

அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "நீ எல்லாத்துக்கும் டாக்டரத்தான்டி கூப்புடற. நான் கேள்வியே படிக்க வேணாம் போல."

கோபம் வந்தது. எங்கள் வார்டில் கேட்காமல் ஒரு பிளாஸ்டர் பிரித்தாலும் கடித்துக் குதறிவிடுவார்கள். பழக்கம் அப்படி. தேங்காய் எண்ணெய் வாங்க மறந்தேன்.

நவ. 11, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. பிரசவ வார்டில் ஆள் இல்லை என்று என்னை அங்கே தள்ளிவிட்டார்கள். நான் ஆபரேஷன் வார்டு ஆள். படித்த காலத்துக்குப் பிறகு பிரசவம் பக்கமே போனதில்லை. பயம்.

கேள்விகளில் பாதி தப்பு. வாயில் வருவது மறுபடி அந்தப் பாழாய்ப்போன டாக்டர்தான்.

நவ. 13, வியாழன்

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் செல்வி. ஊரூர் குப்பத்துப் பெண். முதல் குழந்தை, பெண் குழந்தை, அப்போதுதான் பிறந்திருந்தது. ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று அடங்கிவிட்டாள். "தூக்கமா வர்து சிஸ்டர்." முகம் வெளுப்பு. நாடி ஓட்டமாய் ஓடுகிறது. போர்வையை விலக்கினால் விரிப்பெல்லாம் ரத்தம்.

கால் தானாக வார்டு போன் பக்கம் திரும்பியது. அக்கா சிரித்தது காதில் கேட்டது. திரும்பி வந்து வயிற்றில் கை வைத்தேன். பிசைந்த மாவு போல இருந்தது. ஒரு கையால் அடியில் தாங்கி, மறுகையால் தேய்த்தேன். "யாராவது வாங்க! டாக்டரக் கூப்புடுங்க!" கத்தினேன், கையை எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை எப்படி எழுத? விரல்களுக்குக் கீழே கர்ப்பப்பை இறுகியது. முதலில் லேசாக. பிறகு உருண்டு, திரண்டு, தேங்காய் அளவுக்கு. நான் இறுக்கவில்லை. தொட்டேன், அதுவே இறுகிக்கொண்டது. ரத்தம் குறைந்தது. அக்கா போனில் ஒரே ஒரு வரி இது. ஒரு வரி! உள்ளே இவ்வளவு இருக்கிறதென்று யாருமே சொல்லவில்லையே.

டாக்டர் ஓடி வந்து ஊசி போட்டார். "கைய எடுக்காதீங்க, அப்படியே இருங்க." அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலம் செல்வி முகத்தில் நிறம் திரும்பியிருந்தது. அவள் கையைப் பிடித்து வயிற்றில் வைத்துக் காட்டினேன்.

"இன்னா சிஸ்டர் இது, கல்லு கணக்கா கீது?"

"உன் கர்ப்பப்பைதான்."

"இத்தினூண்டா? இதுக்குள்ளயா இவ இருந்தா?"

குழந்தையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நவ. 14, வெள்ளி

மறுபடி மழை. பாஸ்போர்ட், ஹால் டிக்கெட், குடை. எண்ணெய் இன்றும் மறந்தாச்சு.

செல்வி கதையைக் கேட்டுவிட்டு அக்கா வேண்டுமென்றே அந்தத் திங்கட்கிழமைக் கேள்வியையே வாசித்தாள். "சொல்லுடி. டாக்டரா?"

வலது கையை அவள் முன்னால் விரித்து நீட்டினேன். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.