உன் பயத்தைப் படிக்க இடம் தேடுகிறேன்

என் அன்பு அக்கா,

உன் மகள் வதனிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால், வாய்க்காலில் கால் தவறி விழுந்து செத்துப்போனாய் என்று சொல்கிறோம். அது உண்மையா, அக்கா?

அவள் பிறந்த பிறகு நீ உறங்கவில்லை. "பிள்ளையைத் தூக்கப் பயமாக் கிடக்கு. நான் ஏதும் செய்துபோடுவன்" என்றாய். "பிள்ளைப்பெத்த உடம்பு, சரியாப் போகும்" என்று அம்மா சொன்னா. டாக்குத்தர் இரத்தம் குறைவென்று டொனிக் தந்தார். கோயிலில் நூல் கட்டினோம். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அந்தப் பயத்துக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நம்பித்தான் பல்கலைக்கழக மெய்யியல் துறையில் மனத்தைப் பற்றிய பாடங்களை எடுத்தேன். பட்டம் கிடைத்தது. மேலே ஆராய்ச்சி செய்து கலாநிதிப் பட்டம் பெற என்ன வழி என்று பேராசிரியரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்தவர், நல்ல மனிதர். கதிரையை இழுத்துப்போட்டு இருத்தினார்.

"உளவியலுக்கு இஞ்ச தனித் துறை இல்லை, பிள்ளை. மெய்யியல் துறையில, மனம் எண்டால் என்னவெண்டு புத்தகங்களை வைச்சு எழுதலாம். இல்லாட்டிக் கல்வித் துறையில பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர புத்தியை அளக்கலாம்."

"பிள்ளைப்பெத்த பொம்பிளையளின்ர பயத்தைப் பற்றி, சேர்?"

"அதை வழிநடத்த இஞ்ச ஆளில்லை. லண்டனுக்குக் கப்பல் ஏறவேணும். புலமைப்பரிசிலுக்கு நான் எழுதிப் பாக்கிறன். ஆனா நாலஞ்சு வருஷம் போகும். யோசிச்சுச் சொல்லும்."

யோசிக்கத்தான் கிளிநொச்சி வீட்டுக்கு ரயில் ஏறினேன். வந்த மறுநாள், பக்கத்துக் காணிப் பத்மாவின் புருஷன் வேலிப் படலையடியில் வந்து நின்றார். பத்மாவுக்குப் பிள்ளை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"தங்கச்சி, நீர் மனசைப் பற்றித்தானே படிச்சனீர். அவள் பிள்ளையைத் தொடுறாள் இல்லை. ஒருக்கா வந்து பாரும்."

போனேன். பத்மா சுவரைப் பார்த்தபடி இருந்தாள். பிள்ளை பாயில் கிடந்து அழுதது. "எனக்கு என்ன நடக்குது?" என்று கேட்டாள். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அவளுக்குச் சொல்ல ஒரு வசனம் இருக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நான் படித்து முடித்து வரும்போது பத்மா இருப்பாளா?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவா உடனே தன் பாயைச் சுருட்டினா. "அவளைத் தனிய விடக்கூடாது. நான் அங்க போய்ப் படுக்கிறன்." படலையைத் திறக்கும்போது, "அப்ப எனக்கு இது தெரியேல்லையே" என்றா. என்னிடம் சொன்னாவா, உன்னிடமா?

இப்போது அம்மாதான் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறா. பத்மா இன்றைக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்தாளாம். பிள்ளையை இன்னும் தொடவில்லை. இதைவிட வேறொன்றும் எங்களுக்குச் செய்யத் தெரியவில்லை, அக்கா.

லண்டனுக்கே போகிறேன் என்று பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். புலமைப்பரிசில் கிடைக்குமோ தெரியாது. கிடைத்தாலும், அங்கேயாவது இதற்கு விடை தெரிந்தவர்கள் இருப்பார்களோ, அதுவும் தெரியாது. போகும்வரை பத்மாவைத் தனியே விடமாட்டேன். போனால், நீ பட்டதை ஒன்றும் மறைக்காமல் அவர்களுக்குச் சொல்லுவேன். ஒருவராவது சரியான பதில் தரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

உனக்குத் தங்கச்சியும் வதனிக்குச் சின்னம்மாவுமான,
இராணி