கயிறு பிடித்த கையும் என் கால் நகமும்

என் ஆசை அப்பாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: திரேஸ்புரம் சங்குகுளிக்காரரின் ஒரே மகனாகிய எனது வலது கால் பெருவிரல் நகம், கடந்த சனிக்கிழமை மாலை வீரமரணம் அடைந்தது. நல்லடக்கம் அம்மாவின் முன்னிலையில், குப்பைத் தொட்டியில், எளிய முறையில் நடந்தேறியது. மலர்வளையம் தவிர்க்கவும். பரோட்டா ஏற்கப்படும்.

சிரிச்சீங்களா? சிரிக்கலன்னா திரும்ப ஒரு தடவை படிங்க. நீங்க போயி இன்னைக்கு ஒரு வருசம், கோயில்ல உங்க வருசப் பூசை. நினைவு அட்டைக்கு நாலு வரி எழுதித் தாலேன்னு அம்மா சொன்னா. உங்ககிட்ட நான் என்னைக்கு நாலு வரியோட நிறுத்தியிருக்கேன்?

நகம் எப்படிப் போச்சுன்னு கேப்பீங்க. சண்டையில. ஊர் பூரா சொல்லியாச்சு. தருவைகுளம் கடற்கரையில வச்சு மாமாவை, அதான் அம்மாவோட அண்ணன், உங்க மச்சான், ஒரே சுழட்டுல மண்ணைக் கவ்வ வச்சேன். வலை காயப்போட்டவங்க எல்லாம் வாயைப் பொளந்து பாத்தாவ. பள்ளிக்கூடத்துல மூணு பேரு இப்போ என்னை அண்ணாச்சின்னு கூப்பிடுதானுவ.

மாமாவையான்னு பதறாதீங்க. ஏன்னு உங்களுக்கே தெரியும்.

நம்ம கடல்ல முத்துக் குளிச்ச காலத்துலேருந்து ஒரு வழக்கம். முங்குறவன் இடுப்புக் கயித்தை அவன் பொண்டாட்டி கூடப்பிறந்தவன்தான் பிடிக்கணும். தங்கச்சி தாலி அந்தக் கையில இருக்கு, அசர மாட்டான். இப்போ சங்கு எடுக்கப் போறவங்க வாயில காத்துக்குழாய் வந்துட்டு. ஆனாலும் மாமா கையில கயித்தைக் குடுக்காம நீங்க ஒருநாளும் இறங்கினதில்ல. அன்னைக்கும் குடுத்தீங்க. குழாய்ல காத்து நின்னுபோச்சு. மாமா உங்களை மேல கொண்டு வந்தப்போ மூச்சு இல்ல. "கொஞ்சம் பிந்திட்டு"ன்னு யாரோ சொன்னாவ. அந்தக் ‘கொஞ்சம்’ என் காதுக்குள்ளயே தங்கிட்டு.

அடக்கத்தன்னைக்கு மாமா ரெண்டு கையையும் அக்குளுக்குள்ள சொருகிக்கிட்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்னாவ. தப்புப் பண்ணின கை, அதான் மறைக்காவன்னு நெனச்சேன். அத்தனை பேரு முன்னால கத்தினேன்: "கயித்தப் பிடிச்ச அந்தக் கைய ஒடிக்காம விட மாட்டேன்!" அதுக்குப் பெறகு மாமா நம்ம வீட்டுப் படி ஏறல. அம்மா ஒரே நாள்ல புருசனையும் அண்ணனையும் சேத்து இழந்தா. அது எனக்கு அப்போ உறைக்கல.

கை ஒடிக்கக் கத்துக்கத்தான் ஐகிடோங்கிற ஜப்பான் சண்டைக்கலை வகுப்புல சேந்தேன். அரிசிக் கடைக்கு மேல மாடி. அம்மா அதை ‘அய்யோகிடோ’ம்பா. வகுப்பு முடிஞ்சு நான் நொண்டிக்கிட்டு வந்தா அவ வாயில முதல்ல வாரது அதுல பாதிதான்.

முதல் நாள் எல்லாரும் முழங்கால் போட்டு, சுவத்துல இருந்த, ஐகிடோவை ஆரம்பிச்ச வெள்ளைத்தாடி ஜப்பான் தாத்தா படத்துக்குக் குனிஞ்சாவ. முழங்கால் போட்டா நமக்கு வேற என்ன வரும்? நெத்தி, நெஞ்சு, ரெண்டு தோள். சிலுவை போட்டு ஆமென்னும் சொல்லிட்டேன். என்னைப் பாத்து, பக்கத்துல புதுசா சேந்த ரெண்டு பேரும் போட்டானுவ. அதுல ஒருத்தன் திருச்செந்தூர்க்காரன், முருகபக்தன்.

சொல்லித் தாரது சொர்ணம் டீச்சர். பகல்ல துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீஸ்ல கணினி தட்டுதாவ. உயரம் என் காது வரைக்கும்தான். முத்துராஜ் அண்ணன்னு ஒருத்தரு, கப்பல் மூடை சுமக்கவரு, கதவு மாதிரி இருப்பாரு. ஓடி வந்து டீச்சர் கையைப் பிடிச்சாரு. டீச்சர் லேசா ஒதுங்கி வழி விட்ட மாதிரிதான் இருந்துச்சு. எப்பா! பெரிய அலை வள்ளத்தை அலுங்காமத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும்லா, அது மாதிரி அண்ணன் காத்துல ஒரு வட்டம் அடிச்சு, பாயில உருண்டு, எந்திரிச்சு நின்னு சிரிக்காரு.

முதல் தடவை என்னைக் கடலுக்கு அடியில கூட்டிட்டுப் போனீங்களே, மேல இருந்த வெளிச்சம் ஆடி ஆடி எறங்கி வந்துச்சே, அன்னைக்கு வாயை மூட மறந்தேன். அதுக்குப் பெறகு இப்பதான். அன்னைக்கு உப்புத்தண்ணி குடிச்சேன். இங்கன ஒரு கொசு.

"டீச்சர், கை ஒடிக்க எப்போ சொல்லித் தருவீய?"

"முதல்ல விழப் படி."

நாலு மாசமா விழுதேன். எல்லாரும் பூனை மாதிரி உருளுதானுவ, நான் மட்டும் உப்பு மூடை மாதிரி ‘தொப்’. டீச்சர் என் மூஞ்சியையே உத்துப் பாத்தாவ.

"ஏன் கன்னத்தைப் பேத்தை மீன் மாதிரி உப்பிக்கிட்டு விழுத? பாய்க்கு அடியில தண்ணியா கெடக்கு?"

அப்பதான் எனக்கே தெரிஞ்சுது. தலை கீழ போனா மூச்சைப் பிடிக்கணும், மேல வார வரைக்கும் விடக்கூடாது. நீங்க பழக்கினது. டீச்சர் நேர்மாறாச் சொல்லுதாவ: விழும்போது மூச்சை விட்டுறணும், பிடிச்சா உடம்பு கல்லாப் போவும். விடணும்னு நெனைப்பேன். விட வராது. விட்டா உங்க பாடத்துல ஒண்ணு கொறஞ்சிரும்னு தோணும். இதை யாருகிட்ட சொல்லுவேன்?

ஒரு வழியா மணிக்கட்டுத் திருப்பு சொல்லித் தந்தாவ. எதிராளி கையைப் பிடிச்சு வெளிப்பக்கமா மடக்கினா, உள்ளங்கை மலந்து மேல வரும், ஆள் தானா கீழ போவான். பலமே வேண்டாம். அடுத்த சனிக்கிழமையே மாமா ஊரான தருவைகுளத்துக்குப் பஸ் ஏறிட்டேன்.

சரி. இனிமே நடந்தது நடந்தபடி. இதை ஊர்ல சொல்லல.

மாமா மணல்ல உக்காந்து கிழிஞ்ச வலையைப் பொத்திக்கிட்டு இருந்தாவ. என்னைப் பாத்ததும் எந்திரிச்சாவ.

"வாலே மருமவனே. சாப்பிட்டியா?"

"கையக் குடுங்க."

"எந்தக் கை?"

"கயித்தப் பிடிச்ச கை."

"ரெண்டும்தாம்லே பிடிச்சுது"ன்னு ரெண்டையும் நீட்டினாவ. "ஒடிச்சுக்கோ. ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வலது கையைப் பிடிச்சேன். திருப்பினேன். டீச்சர் சொன்னபடியே உள்ளங்கை மலந்துச்சு.

அப்பா, அதுல ரேகையே இல்ல. இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கம் வரைக்கும் கயிறு அறுத்த தடம், தோல் உரிஞ்சு புதுசா மூடின வழவழப்பு. இடது கையிலயும் அதே தடம். அன்னைக்கு அக்குளுக்குள்ள வச்சிருந்தது இதைத்தானா? ஒரு ஆளை எவ்வளவு வேகமா இழுத்தா உள்ளங்கை இப்படிக் கிழியும்? ‘கொஞ்சம் பிந்திட்டு’ன்னு சொன்னவன் இந்தக் கையைப் பாத்திருக்கானா?

மாமா விழல. நான்தான் விழுந்தேன். தொப்புன்னு மணல்ல உக்காந்தேன். நாலு மாசமா, இல்ல, ஒரு வருசமா பிடிச்சு வச்சிருந்த மூச்சு ‘ஓ’ன்னு வெளிய வந்துச்சு. வலைக்காரங்க வாயைப் பொளந்து பாத்தது அதைத்தான். அந்தக் கையே என்னைத் தூக்கி நிறுத்துச்சு. நான் மூக்கைச் சிந்தினது மாமா இடுப்புல கட்டியிருந்த சாரத்துல.

இன்னைக்கு மத்தியானம் மாமா வீட்டுக்கு வாராவ. அம்மா விடியக்காலமே சீலா மீன் வாங்கிட்டா. கதவை நான்தான் தொறப்பேன். இனிமே எந்த நாளும் அந்தக் கைக்கு நம்ம வாசல் மூடாது. இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

அப்புறம், அந்த நகம். சண்டையில போகல. மாமாகிட்ட வீராப்பா நடந்து போனப்போ, மணல்ல புதைஞ்சு கெடந்த நங்கூரத்துல இடிச்சுக்கிட்டேன். என்னை அண்ணாச்சின்னு கூப்பிடுத மூணு பேருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.

விழ மட்டுமே தெரிஞ்ச,
உங்க மவன், மாமாவோட மருமவன்.